ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: ஒரு வரலாற்று நோக்கு

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஐயா, இந்த வருஷம் எதைப் பத்தி எழுதித் தர்றீங்க?" என்று கேட்டார். "பன்றிக் காய்ச்சலின் வரலாறு" என்றேன். சிறிது நேரம் மறுபக்கத்தில் பேச்சில்லை. பிறகு, "நயினார் ஐயா, நீங்களா?" என்று சிரித்துவிட்டார். முன்பு ஒரு மலரில் திருமலைக் குந்தவை ஜினாலயத்தைப் பற்றி எழுதியவன் நான். பொழுது சாய்ந்தபின் உணவு கொள்ளாத குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்டவன் பன்றியைப் பற்றி எழுதுவதா என்று அவர் எண்ணியதில் தவறில்லை.

அவருக்குச் சொன்ன பதிலையே வாசக அன்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் 13-ஆமவர் விமலநாதர். அவருடைய இலாஞ்சனம், அதாவது பீடத்தில் பொறிக்கும் அடையாளம், பன்றி. பீடத்தில் கண்டு வணங்குகிற உயிரை நோயில் கண்டால் முகம் திருப்பலாமா? இது ஒரு காரணம். மற்றொரு காரணம் என் கடைப் பேரேட்டில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் 1981-ல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து குவாஹாத்திக்கு வந்தேன். மாமாவின் பாத்திரக் கடையில் பத்து வருஷம் இருந்துவிட்டு, ஃபேன்சி பஜாரில் சொந்தமாகத் தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோள வியாபாரம் தொடங்கினேன். மாட்டுக்கும் கோழிக்கும் வாங்குவோர் பாதி, பன்றிக்கு வாங்குவோர் பாதி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள். அவற்றுள் 21 லட்சம் அசாமில் மட்டும். வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஊரிலிருந்து ஒருமுறை வந்த என் தகப்பனார் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தப் பன்றி கடைசியில எங்கேடா போகும்?" என்று கேட்டார். "தவிடுதானே விக்கிறேன்பா" என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான விடை இல்லை.

பெயர்க் குழப்பம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பன்றிக் காய்ச்சல் என்று நம்மவர் மூன்று நோய்களைச் சொல்கிறார்கள். 2009-ல் உலகமெங்கும் மனிதருக்குப் பரவிய சளிக்காய்ச்சல் ஒன்று. பன்றிகளுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும், தடுப்பூசியும் உள்ள பழைய பன்றிக் காய்ச்சல் இரண்டாவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மூன்றாவது. இது மனிதருக்கு வராது. பன்றிக்கு வந்தாலோ பிழைப்பது அரிது. கடுங்காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், உள்ளே இரத்தக் கசிவு. நோய் கண்ட ஒரு வாரம் பத்து நாளில் பட்டி காலியாகிவிடும். பழைய காய்ச்சலுக்குப் போடும் ஊசி இதைத் தடுக்காது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள்.

கென்யாவில் தொடக்கம்

இந்நோயை முதன்முதல் விரிவாக எழுதி வைத்தவர் மாண்ட்கோமரி என்னும் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர். கென்யாவில் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் குடியேறிகள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பன்றிகள் பட்டி பட்டியாக மடிந்தன. அவர் ஆராய்ந்த பண்ணைகளில் நோய் கண்ட பன்றிகளில் நூற்றுக்கு 98-க்கு மேல் செத்தன. அவருடைய கட்டுரை 1921-ல் வெளிவந்தது. பழைய பன்றிக் காய்ச்சலை எதிர்க்கும் வலிமை பெற்ற பன்றிகளும் இதில் செத்தன. ஆகவே இது வேறொரு நோய் என்று அவர் நிறுவினார். அந்நாட்டுக் காட்டுப்பன்றியான வார்த்தாக் இதைத் தாங்கித் திரிகிறது என்றும் ஐயுற்றார். முகத்தில் மருப் போன்ற புடைப்புகளும் வளைந்த கோரைப்பற்களும் உள்ள அந்த விலங்கை இயற்கைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஐயம் பின்னால் உண்மையாயிற்று. வார்த்தாக் தங்கும் வளைகளில் ஒருவகை உண்ணி வாழ்கிறது. வளையில் பிறக்கும் குட்டிகளை அது கடிக்கும்போது வைரஸ் இரத்தத்தில் ஏறுகிறது. குட்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதே குட்டியைக் கடிக்கும் வேறு உண்ணி வைரஸை வாங்கிக்கொள்கிறது. இப்படி உண்ணியும் வார்த்தாக்கும் யாருக்கும் தெரியாமல் இதைக் காலங்காலமாகக் கைமாற்றி வந்துள்ளன. உண்ணிக்கு இதில் பங்குண்டு என்பது 1963-ல் ஸ்பெயினில் கண்டறியப்பட்டது. 1969-ல் வால்ட்டர் ப்ளோரைட் அதை ஆப்பிரிக்காவிலும் உறுதி செய்தார். மாடுகளின் வெக்கை நோயை உலகிலிருந்தே ஒழிக்க உதவிய தடுப்பூசியைச் செய்தவரும் அவரே. ஆக, கென்யாவில் நோய் புதிதாக முளைக்கவில்லை. அதற்குப் பழக்கமில்லாத பன்றியை நாம் கொண்டுபோய் அதன் எதிரில் நிறுத்தினோம்.

விமானத்து எச்சில்

முப்பத்தாறு ஆண்டுகள் இது ஆப்பிரிக்காவின் கவலையாக மட்டும் இருந்தது. 1957-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே பன்றிகள் செத்து விழுந்தன. அங்கோலா அப்போது போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வந்த விமானங்களில் பயணிகள் தின்று மீந்த உணவை யாரோ வாரிக்கொண்டுபோய்ப் பன்றிக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த முறை நோயை அடக்கிவிட்டார்கள். 1960-ல் மீண்டும் வந்தது, ஸ்பெயினுக்கும் தாண்டியது. பழைய தொழுவங்களின் சுவர் இடுக்கில் அங்கத்திய உண்ணிகள் வேறு வைரஸுக்கு இடம் கொடுத்தன. ஸ்பெயின் இதிலிருந்து விடுபட 1995 ஆயிற்று.

இறைச்சியின் மிச்சத்தில் வைரஸ் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும், உப்பிட்டு உலர்த்தியதில் மாதக்கணக்கிலும் இது உயிரோடிருக்கும். 60 பாகை வெப்பத்தில் 20 நிமிஷம் இருந்தால் செத்துவிடும். எச்சிலை ஒரு கொதி கொதிக்க விட்டிருந்தால் லிஸ்பனில் அந்தக் கதையே இல்லை. ஒரு குவளை விறகுச் செலவு என்று நினைத்துப் பாருங்கள்!

அதன்பின் 1971-ல் கியூபா. 1978-ல் மால்ட்டா, சார்டினியா, பிரேசில், டொமினிக்கன் குடியரசு. பிரேசிலிலும் ரியோ டி ஜெனிரோ அருகே விமானத்து எச்சிலே காரணம். மால்ட்டாத் தீவில் நோயை ஒழிக்க ஒரு பன்றி விடாமல் கொன்றார்கள்.

ஹெய்ட்டியின் உண்டியல்

இந்த வரலாற்றில் என் மனத்தை அதிகம் வருத்தியது ஹெய்ட்டி. டொமினிக்கன் குடியரசும் அதுவும் ஒரே தீவின் இரு பாதிகள். நோய் எல்லை தாண்டியது. அங்குள்ள ஏழைக் குடியானவர் வீடுதோறும் கிரியோல் பன்றி என்ற கறுப்பு நாட்டுப்பன்றி இருந்தது. சிறிய உடம்பு. கிடைத்ததைத் தின்னும்; வெயிலைத் தாங்கும்; கேட்பாரற்றுத் திரியும். பள்ளிச் சம்பளம், மருந்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதை விற்றுத்தான் பணம். நம் ஊரில் அடுக்களைப் பானையில் பெண்கள் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுக் காசு மாதிரி.

வட அமெரிக்காவுக்கு நோய் வந்துவிடும் என்ற அச்சத்தில், அமெரிக்க உதவியோடு 1982, 1983 ஆண்டுகளில் அந்நாட்டின் கிரியோல் பன்றி அனைத்தும் கொல்லப்பட்டன. நோய் ஒழிந்தது. ஈடாக அமெரிக்கப் பண்ணைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குச் சிமெண்டுத் தரை வேண்டும், விலை கொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். வளர்ப்பவர் குடிசையிலேயே சிமெண்டுத் தரை கிடையாது. "நாலு கால் இளவரசர்" என்று அந்தப் பன்றிகளுக்கு ஜனங்கள் பேர் வைத்தார்கள். பன்றி போனதும் பல குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றார்கள். நோய் தடுப்பின் கணக்கில் இது வெற்றி. குடியானவன் கணக்கில் அப்படி அல்ல. ஒரு வியாபாரியாக எனக்கு இரண்டு கணக்கும் கண்ணில் படுகின்றன.

வைரஸின் பாடபேதங்கள்

இனி மரபணுவின் கதை. விஞ்ஞானம் படித்தவனல்ல நான், எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஆனால் ஏடுகளோடு பழகியவன். இந்த விஷயம் எனக்கு விளங்கியது ஏட்டின் வழியாகத்தான். அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது ஊர் ஊராக ஏடு தேடினார். சமணர் வீடுகளில் வந்து பொருள் கேட்டறிந்தார். 1887-ல் நூல் வெளிவந்தது. ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதும்போது எழுதுபவன் கை தவறும். ஒரு சொல்லை விடுவான். ஒரு சொல்லை இருமுறை எழுதுவான். அந்த ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் அதே பிழையோடு எழுதுவார்கள். ஆகவே இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று அறியலாம். இதுதான் பாடபேத ஆராய்ச்சியின் சாரம்.

வைரஸும் தன்னைத்தானே பிரதி எடுக்கும் ஏடு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸின் மரபுச் சுவடி ஏறத்தாழ 1,70,000 முதல் 1,90,000 எழுத்து நீளம். கொரோனா வைரஸுக்கு 30,000 எழுத்துதான் என்றால் இதன் பெருமை விளங்கும். இது டி.என்.ஏ. வகை. பிழை மெதுவாகவே சேரும். எனவே ஆராய்ச்சியாளர் சில குறிப்பிட்ட இடங்களை ஒப்பிடுகிறார்கள். முக்கியமானது, பி72 என்னும் மேலோட்டுப் புரதத்துக்குரிய மரபணுவின் கடைசிச் சில நூறு எழுத்துகள். அங்கே உள்ள பேதங்களை வைத்து 24 மரபு வகைகள் எண்ணப்பட்டன. 2023-ல் முழு மரபணுவையும் ஒப்பிட்ட சிலர், 6 வகை என்று சுருக்குவதே சரி என்று எழுதினார்கள். நம் பதிப்பாசிரியர்களின் வாதம் போலத்தான்!

எண்ணிக்கை எதுவானாலும் ஓர் உண்மை நிற்கிறது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில்தான் இவ்வளவு வேறுபாடும். அங்கே உண்ணியும் வார்த்தாக்கும் வட்டாரந்தோறும் தனித்தனியே ஏட்டைப் பிரதி எடுத்துக்கொண்டே வந்தன. அதுதான் மூல நூலகம். அந்த நூலகத்திலிருந்து கடல் தாண்டி வெளியே போய் நிலைத்தவை இரண்டே வகை. 1957-ல் லிஸ்பனுக்கும் பிறகு கியூபா, ஹெய்ட்டி முதலிய இடங்களுக்கும் போனது 1-ஆம் வகை. மற்றது 2-ஆம் வகை. அது 2007-ல்தான் புறப்பட்டது.

பொத்தித் துறைமுகம் முதல் பிரம்மபுத்திரை வரை

கருங்கடல் ஓரத்தில் ஜார்ஜியா நாட்டின் பொத்தித் துறைமுகம். 2007-ல் அதன் சுற்றுவட்டாரத்தில் பன்றிகள் செத்தன. அந்த வைரஸைப் படித்துப் பார்த்தபோது மொசாம்பிக், மடகாஸ்கர், சாம்பியா நாடுகளில் கண்ட 2-ஆம் வகையோடு அது ஒத்திருந்தது. கப்பலில் வந்த இறைச்சிக் கழிவு கரையில் கொட்டப்பட்டு, அவிழ்த்துவிட்ட பன்றிகள் அதைத் தின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. விமானத்துக்குப் பதில் கப்பல். மற்றபடி லிஸ்பன் கதையேதான்.

அவ்வாண்டே ரஷ்யா. 2012 உக்ரைன், 2013 பெலாரஸ், 2014-ல் லித்துவேனியா, போலந்து, லாட்வியா, எஸ்டோனியா. காட்டுப்பன்றிகள் மெல்ல மெல்லப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோயின. ஆனால் காட்டுப்பன்றி நடந்து போக முடியாத தூரத்தில் நோய் திடீரென்று தோன்றுகிறதே, அது மனிதன் வேலை. 2018-ல் பெல்ஜியத்தில் அப்படித்தான் தோன்றியது. அதே 2018 ஆகஸ்டில் சீனத்தின் ஷென்யாங் நகரில் நோய் உறுதியானது. உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி சீனாவில். 2019-க்குள் அந்நாட்டின் பன்றி எண்ணிக்கை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. 2019-ல் மங்கோலியா, வியட்நாம், மியான்மர் என்று வரிசையாக விழுந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் அருணாசல எல்லைக்கு அப்பால் திபெத்தின் நிங்சிப் பகுதியிலும் நோய் கண்டது.

2020 தொடக்கத்தில் அருணாசலத்திலும் மேல் அசாமிலும் பன்றிகள் சாகத் தொடங்கின. மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போய், மே முதல் வாரத்தில் செய்தி வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இந்தியாவில் முதன்முறை. அதற்குள் அசாமில் 306 கிராமங்களில் 2,500 பன்றிகள் இறந்திருந்தன.

இங்கேதான் பாடபேதம் துப்புக் கொடுக்கிறது. இந்த வைரஸின் இரண்டு மரபணுக்களுக்கு இடைப்பட்ட இடத்தில் 10 எழுத்துள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். 2007 ஜார்ஜிய ஏட்டில் வருவதைவிட ஒரு முறை அதிகமாக அது பிற்காலக் கிழக்கு ஐரோப்பிய ஏடுகளில் வருகிறது. ஏடெழுதுவோன் ஒரு சொல்லை இரட்டித்தது போல. சீனாவில் பெரும்பாலும் பரவியதிலும் அந்த இரட்டிப்பு உண்டு. அசாம், அருணாசலத்தில் 2020-ல் எடுத்த மாதிரிகளிலும் அதே இரட்டிப்பு! ஆகவே நமக்கு வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்த ஏடு அல்ல. ஐரோப்பா, ஆசியா என்று கை மாறிக் கை மாறி வந்த பிரதி. பத்தே எழுத்துப் பிழை, பதின்மூன்று ஆண்டுப் பயணத்துக்குச் சாட்சி சொல்கிறது.

என் பேரேடு

அது ஊரடங்குக் காலம். பிரம்மபுத்திரையிலும் அதன் கிளைகளிலும் பன்றிப் பிணங்கள் மிதந்து வந்தன. காசிரங்காவில் காட்டுப்பன்றிகள் ஊர்ப்பக்கம் வராதபடி வனத்துறையினர் அகழி வெட்டினார்கள். குவாஹாத்தி பசிஷ்டாவில் குள்ளப்பன்றிக் காப்பகம் இருக்கிறது. உலகிலேயே மிகச் சிறிய அந்தப் பன்றி இனம் அசாமில்தான் எஞ்சியுள்ளது. காய்ச்சல் உள்ளே நுழைந்தால் இனமே போய்விடும் என்று காப்பகத்தார் கதவை இறுக்கிக்கொண்டார்கள். நோய்ப் பகுதிகளில் பன்றிகளைக் கொல்வதை மாநில அரசு முதலில் தள்ளிப்போட்டது. பிறகு செப்டம்பரில் சுமார் 12,000 பன்றிகளைக் கொல்ல ஆணையிட்டது. அதற்குள் அரசுக் கணக்கில் 18,000 பன்றிகள் போயிருந்தன.

அந்த ஜூன் மாதம் அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். தவிட்டு மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாக்கு புதுசா, பழசா?" என்றார். "பழசுதான். பண்ணைக்காரங்க காலிச் சாக்கைத் திருப்பித் தந்தா ஒண்ணுக்கு எட்டு ரூபா தள்ளிக் கொடுப்பேன். அதிலேயே மறுபடி நிரப்பி அனுப்புவேன்" என்றேன், சிக்கனத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவன் போல. அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு பன்றிப் பட்டியில கிடந்த சாக்கு, கழுவாம அடுத்த பட்டிக்குப் போகுது, இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் சாக்கு வந்தது, அது எந்த ஊருக்குப் போனது என்று பார்த்தேன். முப்பது வருஷம் வரவு செலவுக்காக எழுதிய கணக்கு, நோய் நடந்த பாதை போலத் தெரிந்தது. நோய் வந்த ஊர்களில் என் சாக்கு போன ஊர்கள் இருந்தன. என் சாக்கே போகாத ஊர்களும் நிறைய இருந்தன. ஆகவே என்னால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. என்னால் வரவில்லை என்று சொல்லவும் இல்லை. இரத்தமும் சாணமும் பட்ட சாக்கு, செருப்பு, வண்டிச் சக்கரம் எல்லாம் இந்த வைரஸைச் சுமக்கும் என்பது மட்டும் உறுதி. கொசுவைக்கூட அடிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். எட்டு ரூபாய்க்கு என்ன செய்துகொண்டிருந்தேன்?

வடகரையில் ஒரு போடோ கிராமத்து அம்மையார் என்னிடம் பதினைந்து வருஷமாகத் தவிடு வாங்குபவர். நான் அவரைப் "பாய்தேவ்" என்பேன்; அசாமிய மொழியில் அக்கா. அவர் என்னைக் "ககாய்தேவ்", அண்ணன், என்பார். யார் மூத்தவர் என்பது எங்களுக்குள் தீராத வழக்கு. மூன்று தாய்ப்பன்றி, பதினொரு குட்டி வைத்திருந்தார். அந்த ஆகஸ்டில் ஒன்பது நாளில் எல்லாம் போயின. மகளை நர்ஸிங் படிக்க வைக்க வைத்திருந்த முதல் அது. என் பேரேட்டில் அவர் பெயரில் 14,600 ரூபாய் பற்று நின்றது. அதை நான் அடித்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் அவர் கடைக்கு வந்து 4,000 ரூபாயை மேசைமேல் வைத்தார். தறியில் தொக்கனா நெய்து விற்ற பணம். வேண்டாம் என்றேன். "பன்றி செத்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க, ககாய்தேவ்? தின்ன தவிடு தின்னதுதானே" என்றார். அதற்குமேல் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சாக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாக்கை உங்ககிட்ட வித்தது நான்தானே" என்றார். பணத்தை வரவு எழுதிக்கொண்டேன். எழுதாவிட்டால் அவரை அவமதித்ததாகும் என்று தோன்றியது.

பரவலும் கலப்புப் பாடமும்

அசாமோடு நிற்கவில்லை. 2021 மார்ச்சில் வங்கதேச எல்லையருகே மிஜோரமில் புகுந்து, அவ்வாண்டில் மட்டும் 30,000-க்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றது. 2022 ஜூலையில் கேரளத்து வயநாடு. 2023 ஜனவரியில் நம் முதுமலைக் காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளில் இதே நோய் உறுதியானது. 2021-ல் டொமினிக்கன் குடியரசுக்கும் ஹெய்ட்டிக்கும் திரும்பி வந்தது. நாற்பதாண்டுக்கு முன் போனது 1-ஆம் வகை. வந்தது 2-ஆம் வகை. 2025 நவம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனா அருகே காட்டுப்பன்றிகளில் காணப்பட்டது. முப்பது ஆண்டுக்குப் பின் அங்கே மீண்டும்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று. இரண்டு ஏட்டை எதிரே வைத்துக்கொண்டு, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று எழுதிய கலப்புப் பாடங்கள் நம் சுவடிகளில் உண்டு. பதிப்பாசிரியருக்குப் பெரிய தலைவலி அவை. சீனாவில் 2021-ல் 1-ஆம் வகையும் தென்பட்டது. பிறகு இரண்டு வகையும் கலந்த வைரஸ் பன்றிகளில் கண்டெடுக்கப்பட்டதாக 2023-ல் ஆய்வு வெளியாயிற்று. ஒரே பன்றியின் உடலில் இரு வகையும் சேர்ந்தால்தான் இப்படிக் கலக்கும். வியட்நாமிலும் அது காணப்பட்டது. சீனாவில் 2-ஆம் வகையிலிருந்து செய்த ஒரு தடுப்பூசியைச் சோதித்தபோது, இந்தக் கலப்பு வகையிடமிருந்து அது பன்றிகளைக் காக்கவில்லை. வியட்நாம் 2022-ல் உலகின் முதல் வணிகத் தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. சில பன்றிகள் இறந்ததால் நிறுத்தி, பிறகு 2023-ல் விற்பனைக்கு விட்டது. ஊசி வந்துவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எத்தனை வகை எங்கே சுற்றுகிறது என்று ஏடு படிப்பவர்கள் ஓயாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முடிவாக

நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஆப்பிரிக்கக் காட்டை விட்டு இந்த வைரஸ் தானாக ஒரு கடலையும் தாண்டவில்லை. விமானத்து எச்சில், கப்பல் கழிவு, பயணிப் பெட்டியில் மடித்து வைத்த இறைச்சி, லாரி, சாக்கு ஆகிய நம் சரக்கின்மேல் ஏறித்தான் வந்தது. விலை கொடுத்தவர்களோ லிஸ்பன் விமானப் பயணிகள் அல்லர். ஹெய்ட்டிக் குடியானவரும் வடகரைப் பாய்தேவும்.

இறைச்சி உண்பதும் உண்ணாததும் அவரவர் வழக்கம்; அதில் நான் தலையிடவில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இரண்டே வேண்டுகோள். ஊர் விட்டு ஊர் போகும்போது பன்றி இறைச்சிப் பண்டங்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். நம் சங்கத்துப் பொங்கல் விருந்து முடிந்ததும் மிச்சத்தை டிரம்மில் எடுத்துப் போக ஒருவர் வருவாரே, அவரிடம், "நல்லாக் கொதிக்க வெச்சுப் போடுங்க" என்று சொல்லுங்கள். நம் சோற்றில் தோஷமில்லை; அதே டிரம் பத்து ஓட்டல் ஏறி இறங்கி வருகிறது.

என் கடையில் இப்போது பழைய சாக்கு வாங்குவதில்லை. மூட்டைக்குக் கொஞ்சம் விலை கூடியது. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பாய்தேவ் 2023-ல் மறுபடி இரண்டு குட்டி வாங்கினார். மூங்கில் வேலி, வாசலில் சுண்ணாம்புத் தொட்டி, பட்டிக்குள் போகத் தனிச் செருப்பு என்று வைத்திருக்கிறார். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனேன். "ககாய்தேவ், அங்கேயே நில்லுங்க, உள்ள வராதீங்க" என்று தூரத்திலிருந்தே கை காட்டினார். வேலிக்கு வெளியே நின்றே தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.